சின்னப் பெட்டியில் விண்டோஸ் 11: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் ஒரே மாதிரியான கம்ப்யூட்டர்களை நிறையப் பார்க்கிறேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய, மினி ஐடிஎக்ஸ் எனும் சின்ன அளவுப் பழைய மதர்போர்டு, 6-ஆம் அல்லது 7-ஆம் தலைமுறை இன்டெல் சிப், 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. எல்லாவற்றையும் கையகலப் பெட்டிக்குள் அடக்கி, ரூஃபஸ் மென்பொருளால் செய்த பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 11 ஏற்றியிருப்பார்கள். இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்களை, சில விதிவிலக்குகள் தவிர, மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. அதனால் இவை ஆதரவில்லாத கம்ப்யூட்டர்கள். ஆனாலும் ஓடுகின்றன. கணக்கு எழுதவும், ஆன்லைன் விண்ணப்பம் போடவும், பிள்ளைகள் படிக்கவும் தாராளமாகப் போதும்.

இவற்றில் எது பழுதானாலும் முதலில் வரும் பேச்சு, "சப்போர்ட் இல்லாத விண்டோஸ் போட்டதுதான் காரணம், ஃபார்மட் அடிச்சிடலாம்" என்பதுதான். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் தவறு. நம் பக்கம் இந்தச் சின்னப் பெட்டிகளைப் படுக்க வைப்பவை கரண்டு, சூடு, தூசி, அப்புறம் போர்டில் இருக்கும் நாணயம் போன்ற ஒரு பேட்டரி. ஃபார்மட் செய்தால் இவற்றில் ஒன்றும் சரியாகாது, இருக்கிற கோப்புகள்தான் போகும். சுவர் ஸ்விட்சில் தொடங்கி உள்ளே போங்கள். விண்டோஸைத் தொடுவது கடைசியில்.

எந்த அறிகுறிக்கும் உதவும் சோதனை ஒன்று இருக்கிறது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வரும்போது எஸ்எஸ்டியைத் தொடாமல் அந்த பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கி, ஒரு மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். அங்கேயும் அதே கோளாறு வந்தால் விண்டோஸ் மேல் குற்றமில்லை. வராவிட்டால் விண்டோஸ், டிரைவர், எஸ்எஸ்டி மூன்றில் ஒன்றைச் சந்தேகப்படலாம். எஸ்எஸ்டியையும் சேர்த்துச் சொல்லக் காரணம், இந்தச் சோதனையில் அது வேலையே செய்வதில்லை.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

சுவர் பிளக்கில் வேறு ஏதாவது ஒன்றைச் சொருகிப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டரை விட்டு நேராகச் சுவரில் மாட்டுங்கள். வெளி அடாப்டரில் ஓடும் பெட்டி என்றால் அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். சிசிடிவி கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டரைப் போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அது மொத்தமே 60 வாட். ஐ5-7500 சிப் ஒன்றுக்கே 65 வாட் குறிப்பிடப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட அடாப்டரில் சில நாள் ஓடும், வேலை கூடும் நேரத்தில் அணையும், ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிடும். மாற்றும்போது பெட்டி எந்த வோல்ட் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். 12 வோல்ட் கேட்பதும் உண்டு, 19 வோல்ட் கேட்பதும் உண்டு.

உள்ளே எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளைப் பெட்டி இருந்தால் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். திறக்காமலே ஜாலி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லியோ எறும்புக் கூட்டமோ உள்ளே போய்க் கருகிக் கிடப்பது நம் வீடுகளில் நடக்கிற காரியம்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை

ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு, கிளிக் என்று உட்காரும்வரை அழுத்துங்கள். மினி ஐடிஎக்ஸ் போர்டில் பெரும்பாலும் இரண்டு ரேம் இடங்கள்தான் என்பதால் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்க்க அதிக நேரம் ஆகாது. பிராசசருக்குத் தனியாக வரும் நான்கு முனை மின் இணைப்பையும் பாருங்கள். சின்னப் பெட்டியில் ஒயர்கள் நெருக்கிக்கொண்டு இது லேசாக வெளியே வந்துவிடும்.

விண்டோஸ் 11-க்காக பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை இயக்கிய உடனே திரை கறுத்துவிட்டதா? அது வேறு கதை. செக்யூர் பூட் வேண்டுமென்றால் சிஎஸ்எம் என்ற பழைய தொடக்க முறையை அணைக்க வேண்டும். அணைத்ததும், யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்கு ஆதரவு இல்லாத பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஊமையாகிவிடும். கார்டைக் கழற்றிவிட்டு போர்டிலேயே இருக்கும் ஹெச்டிஎம்ஐ வழியாகப் பாருங்கள், படம் வரும். அதே நேரத்தில் "பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது என்று அர்த்தம். சிஎஸ்எம்மை மீண்டும் இயக்கினால் விண்டோஸ் எழுந்துவிடும். முக்கியக் கோப்புகளை நகலெடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்டுஜிபிடி கருவியால் டிஸ்க்கை மாற்றிய பிறகு சிஎஸ்எம்மை அணைக்கலாம்.

தேதி தப்பு, பின் நம்பர் வேலை செய்யவில்லை, இணையதளம் திறக்கவில்லை

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு விண்டோஸ் நினைவே வராது. பாலக்கோட்டில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் ஓர் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, விண்டோஸ் போயிடுச்சு போல. பின் நம்பரையே ஏத்துக்க மாட்டேங்குது."

"அக்கா, திரையில தேதி என்ன காட்டுது?"

"ஏதோ 2016-ன்னு போட்டிருக்கு."

"ஃபார்மட் எல்லாம் வேண்டாம்க்கா. சிஆர் 2032-ன்னு கேட்டு ஒரு செல் வாங்கி வைங்க."

போர்டில் இருக்கும் அந்த 3 வோல்ட் செல்தான் கடிகாரத்தை ஓட்டுகிறது. பயாஸ் அமைப்புகளையும் பல போர்டுகளில் அதுதான் காப்பாற்றுகிறது. அது தீர்ந்தால் தேதி, பயாஸ் எழுதப்பட்ட காலத்துக்குத் திரும்பிவிடும். தேதி பின்னால் போனால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது. அதனால் குரோம் பக்கத்தைத் திறக்க மறுக்கும், ஆன்லைன் விண்ணப்பம் நிற்கும்.

பயாஸ் அமைப்பு அழிந்தால் இன்னும் சங்கடம். பிடிடி என்பது இன்டெல் போர்டுக்குள்ளேயே இருக்கும் டிபிஎம், அதாவது ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி. 6, 7-ஆம் தலைமுறை போர்டுகள் பலவற்றில் அது இருக்கும், ஆனால் கம்பெனி அமைப்பில் அணைந்திருக்கும். நீங்கள் இயக்கி வைத்திருந்தது செல் தீர்ந்ததும் பழையபடி அணைந்துவிடும். பின் நம்பரின் ரகசியம் அந்த டிபிஎம்மில் இருப்பதால் விண்டோஸ் பின்னை ஏற்காது. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும்.

ஆகவே பின்னை மாற்றியமைக்க அவசரப்படாதீர்கள். முதலில் செல்லை மாற்றுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழைய செல்லை அளந்து பாருங்கள், 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது முடிந்தது. சில மினி ஐடிஎக்ஸ் போர்டுகளில் செல் வட்டக் குழியில் இருக்காது. சின்ன ஒயரோடு பிளாஸ்டிக் உறை போட்டு ஓரத்தில் ஒட்டியிருக்கும், அதை ஒயரோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். மாற்றியதும் பயாஸில் தேதியைச் சரி செய்து, பிடிடியை இயக்கி, டிஸ்க்குக்கான சாட்டா முறை முன்பு இருந்தபடியே, பெரும்பாலும் ஏஹெச்சிஐ, இருக்கிறதா என்று பாருங்கள். அது மாறியிருந்தால் "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று விண்டோஸ் விழும். டிபிஎம்மை அழிக்கவா என்று பயாஸ் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டுத் தொடங்கினால் பழைய பின் நம்பரே வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு.

நம் ஊரில் இந்தச் செல் சீக்கிரம் தீர ஒரு காரணம், கடை அடைக்கும்போது மெயினையே அணைத்துவிடும் பழக்கம். பிளக்கில் கரண்டு இருக்கும்வரை கடிகாரம் எஸ்எம்பிஎஸ் தரும் காத்திருப்பு மின்சாரத்தில் ஓடும். மெயினை அணைத்தால் இரவு முழுவதும் செல்லிலிருந்துதான் எடுக்க வேண்டும். தீ பயத்துக்காக மெயினை அணைப்பது நல்ல பழக்கம், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செல்லை மாற்றிவிடுங்கள், போதும்.

தானாக அணைகிறது அல்லது ரீஸ்டார்ட் ஆகிறது

எப்போது அணைகிறது என்பதைத் தாளில் எழுதி வையுங்கள். போர் மோட்டார் போடும்போதா, மிக்சி ஓடும்போதா, கரண்டு போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியிலா, மத்தியானம் மட்டுமா? இந்த ஒரு தாள் பாதிக் கோளாறைச் சொல்லிவிடும்.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் "கெர்னல் பவர் 41" என்று சிவப்பில் ஒரு பதிவு இருக்கும். இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். ஒழுங்காக அணைக்கப்படாமல் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. அதன் விவரத்தில் பக்செக் கோட் என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் விண்டோஸ் விழுந்ததாகப் பதிவே இல்லை, பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கிறது அல்லது எல்லாம் உறைந்துபோயிருக்கிறது. வேறு எண் இருந்தால் விண்டோஸ் விழுந்திருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம். பக்கத்திலேயே "வியா லாகர்" (WHEA-Logger) பதிவும் இருந்தால் ஹார்டுவேர் பக்கம் திரும்புங்கள்.

கரண்டு மாறும் நொடியில் அணைந்தால் இரண்டு சந்தேகம். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் யூபிஎஸ் முறை, ஈகோ முறை என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஈகோவில் மாறுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். முழுச் சுமையில் எஸ்எம்பிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட். ஸ்விட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளினாலே சரியான வீடுகள் உண்டு. இன்னொன்று, மலிவு யூபிஎஸ் தரும் படிக்கட்டு அலை. ஆக்டிவ் பிஎஃப்சி என்ற மின்சுற்று உள்ள எஸ்எம்பிஎஸ் சில அந்த அலையைப் பிடிக்காமல் அணைந்துவிடும். திறந்திருக்கும் வேலையை எல்லாம் மூடிவிட்டு, யூபிஎஸ் பிளக்கைக் கையால் உருவிச் சோதியுங்கள். உருவும்போதெல்லாம் அணைந்தால், பேட்டரி புதியதாக இருந்தும் அணைந்தால், யூபிஎஸ்ஸும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஒத்துப்போகவில்லை. சைன் அலை தரும் யூபிஎஸ் வாங்குவதுதான் வழி.

மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் என்றால் வோல்டேஜ் இறங்குகிறது. கோடையில் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் மோட்டார் ஓடும்போது 230 வோல்ட் எங்கே வருகிறது? ஸ்டெபிலைசர் போடுங்கள். உள்ளே எதையும் மாற்ற வேண்டியதில்லை.

காலையில் நன்றாக ஓடுகிறது, மத்தியானம் இழுக்கிறது

சூடுதான். ஏப்ரல், மே மாதங்களில் தர்மபுரியில் வெளியே 38, 39 டிகிரி இருக்கும்போது ஓட்டுக் கூரைக்குக் கீழே சுவர் ஓரம் தள்ளி வைத்த பெட்டிக்குள் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஐ5-7500 போன்ற சிப் 100 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 60-ஐத் தாண்டினால் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது.

கிரானைட் பாலிஷ் பட்டறைகள் இருக்கும் இடங்களில் தூசி சாதாரணத் தூசி இல்லை. மாவு போன்ற கல்பொடி, ஹீட்சிங்க் இடுக்கில் ஈரப்பதத்தோடு சேர்ந்து படிந்து கெட்டியாகிவிடும். துணியால் துடைத்தால் போகாது. பெட்டியை வெளியே கொண்டுபோய், விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி கண்மண் தெரியாமல் சுற்றிப் பேரிங் போகும். அப்புறம் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். காற்று உள்ளே போகும் பக்கத்தில் கொசுவலைத் துணி ஒட்டுகிறார்கள். நல்லதுதான், ஆனால் மாதம் ஒருமுறை அதைத் தட்டாவிட்டால் மூச்சையே அடைத்துவிடும்.

பலரும் பார்க்கத் தவறும் இடம், எஸ்எஸ்டி. பல மினி ஐடிஎக்ஸ் போர்டுகளில் எஸ்எஸ்டி சொருகும் எம்.2 இடம் போர்டின் முதுகில் இருக்கும். அங்கே காற்று போக வழியே இல்லை. எஸ்எஸ்டி சூடானால் அதுவும் வேகத்தைக் குறைக்கும், பெரிய கோப்பு நகலெடுக்கும்போது பாதியில் நின்று நின்று போகும். போர்டுக்கும் பெட்டிக்கும் இடையே எஸ்எஸ்டி மேல் சரியான தடிமனில் ஒரு தெர்மல் பேட் வைத்தால், பெட்டியின் தகடே சூட்டை வாங்கிக்கொள்ளும். சின்னப் பெட்டியில் நான் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் திருப்தி தருவது இதுதான்.

காலை, மத்தியானம் என்றில்லாமல் எப்போதுமே மந்தம் என்றால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் கோர் ஐசொலேஷன், மெமரி இன்டெக்ரிட்டி இயங்குகிறதா என்று பாருங்கள். 7-ஆம் தலைமுறையிலிருந்து இதற்கான வசதி சிப்பிலேயே இருக்கிறது. 6-ஆம் தலைமுறையிலும் அதற்கு முன்னும் மென்பொருளால் சமாளிப்பதால் வேகம் அடிபடும். அணைத்தால் வேகம் வரும், ஒரு பாதுகாப்பு அடுக்கு போகும். வங்கி வேலை செய்யும் கம்ப்யூட்டரில் அணைக்காதீர்கள் என்பது என் கருத்து.

ஷட் டவுன் செய்து போட்டால் தகராறு, ரீஸ்டார்ட் செய்தால் சரி

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கும்போது ஷட் டவுன் முழுமையாக நடப்பதில்லை, ரீஸ்டார்ட்தான் முழுமையானது. பழைய போர்டு டிரைவர்களுக்கு இந்த அரைத் தூக்கம் ஒத்துவருவதில்லை.

நீலத்திரை

2025 நடுப்பகுதிக்குப் பிந்தைய புதுப்பிப்புகளில் இது கறுப்புத் திரை. நிறம் எதுவானாலும் கீழே உள்ள ஆங்கிலக் குறியீட்டைப் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறியீடு வந்தால் முதலில் ரேமைச் சந்தேகியுங்கள். மெம்டெஸ்ட் 86-ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள், ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். ஒரே குறியீடு, அதோடு ஒரே கோப்பின் பெயர் வந்தால் டிரைவர். போர்டு கம்பெனி விண்டோஸ் 11-க்கு டிரைவர் போடாமல் விட்டிருக்கலாம், பரவாயில்லை. நெட்வொர்க், ஆடியோ சிப் செய்தவர்களின் தளத்திலேயே விண்டோஸ் 10 டிரைவர் கிடைக்கும், பெரும்பாலும் 11-லும் அது ஓடும். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறேன் என்று வரும் மென்பொருள்களை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள்.

விண்டோஸ் ஏற்றியதும் வைஃபை காணவில்லை என்றாலும் இதே கதைதான். போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும், டிரைவரை அதில் இறக்கிக்கொள்ளலாம்.

அப்டேட் வருவது நின்றுவிட்டது

ஆதரவில்லாத விண்டோஸ் என்பதால் உண்மையிலேயே வரும் கோளாறு இதுதான். மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இதுவரை இந்தக் கம்ப்யூட்டர்களுக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்கு உத்தரவாதம் தரவில்லை. வருடாந்திரப் பெரிய பதிப்பு மட்டும் தானாக வராது. ஹோம், புரோ பதிப்புகள் ஒவ்வொன்றுக்கும் 24 மாத ஆயுள். 23ஹெச்2 பதிப்பு 2025 நவம்பர் 11-ஆம் தேதி முடிந்தது. 24ஹெச்2 முடிவது 2026 அக்டோபர் 13. அந்தத் தேதி தாண்டியும் அதே பதிப்பில் இருந்தால் மாதாந்திரப் புதுப்பிப்பும் நின்றுவிடும். "எல்லாம் அப்டேட்டாக இருக்கிறது" என்று திரை சொல்வதை நம்பி இருந்துவிடுவார்கள்.

விண்டோஸ் தேடலில் வின்வெர் (winver) என்று தட்டி உங்கள் பதிப்பைப் பாருங்கள். பழையது என்றால் விண்டோஸை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸின் புதிய பதிப்பால் பென் டிரைவ் செய்து, டிபிஎம், செக்யூர் பூட் நிபந்தனைகளை நீக்கும் தேர்வை இட்டு, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து செட்டப்பை இயக்குங்கள். கோப்புகளும் மென்பொருள்களும் இருக்கட்டும் என்ற தேர்வு வந்தால் மட்டும் மேலே போங்கள். அதற்கு முன் முக்கியமானவற்றை வேறு டிஸ்க்கில் எடுத்து வைப்பது கட்டாயம்.

கோர் 2 டுவோ காலத்து போர்டு என்றால் இந்த வழியும் இல்லை. 24ஹெச்2 முதல் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் என்ற சிப் கட்டளைகள் இல்லாமல் விண்டோஸ் தொடங்கவே தொடங்காது. எந்தக் குறுக்கு வழியும் சிப்பில் இல்லாததைக் கொண்டுவராது. அதற்கு லினக்ஸ் மின்ட் போடுங்கள். இன்னும் விண்டோஸ் 10-லேயே இருப்பவர்கள், வீட்டு உபயோகத்துக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு பெறலாம்.

கடையில் "லைட் விண்டோஸ்" என்று யாரோ வெட்டி ஒட்டிய ஐஎஸ்ஓவைப் போட்டுக் கொடுத்திருந்தால் அப்டேட்டைச் சரி செய்ய முயல வேண்டாம். உள்ளே எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இங்கே மட்டும்தான் நானே ஃபார்மட் செய்யச் சொல்வேன்.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது

எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கபாசிட்டர்கள் வழியாகச் சிறு மின்சாரம் தகட்டுக்கு வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியாகப் போகும். மூன்று முனை பிளக்கை இரண்டு முனையாக்கும் மாற்றியை எடுத்தெறியுங்கள். யூஎஸ்பி அடிக்கடி துண்டிப்பு, ஸ்பீக்கரில் இரைச்சல் இரண்டுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் பாறை மண், கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு, எலெக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வீட்டு ஒயரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் பிடிபடாமல் கடைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், எந்த நேரத்தில் அணைகிறது என்று எழுதிய தாள், குறியீட்டின் போட்டோ, லினக்ஸ் பென் டிரைவில் என்ன நடந்தது என்ற விவரம், மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவி உங்களிடம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் அது அங்கே சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். சாவி கையில் இல்லாமல் போர்டை மாற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள்.